தராசில் வைக்காத ஆணி

எங்கள் இரும்புக்கடைக்குச் சனிக்கிழமை என்றால் ஈ ஓட்டுகிற நாள். சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனியனையும் சேர்த்து வீட்டுக்குக் கூட்டிப் போகிற மாதிரி என்று திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஜனங்களுக்கு நம்பிக்கை. வெள்ளிக்கிழமை மாலை வரைக்கும் மண்வெட்டிக்கும் கதவுக் கீலுக்கும் முண்டியடிக்கிறவர்கள் மறுநாள் எங்கள் கடை வாசலைக் கூடத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அப்படியும் நாங்கள் சனிக்கிழமை கடையைத் திறந்து வைத்தோம். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் கிழமை பார்க்க முடியாதே, அவர்களுக்காக. பாடை கட்ட ஆணியும் கட்டுக்கம்பியும் வேண்டும். கிறிஸ்தவர்களுக்குப் பெட்டி அடிக்க ஆணி வேண்டும். குழி வெட்ட மண்வெட்டி வேண்டும். எங்கே கடை திறந்திருக்கிறது என்று அவர்கள் அலையக்கூடாது.

இந்த வழக்கம் தாத்தா காலத்திலிருந்து வந்தது. தாத்தா முதலில் கடை வைத்தவர் இல்லை. கலப்பைக் கொழுவையும் களைக்கொட்டையும் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வல்லம் பக்கத்துச் சந்தைகளுக்குப் போய் விற்றவர். அவருடைய அப்பா செத்தபோது பாடைக்கு ஆணி வாங்க ஒரு கடைக்குப் போனாராம். கடைக்காரர் தராசில் ஆணியைப் போட்டு, முள் சாய்ந்தது என்று ஓர் ஆணியை எடுத்து, இந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஓர் ஆணியைப் போட்டு, மறுபடி எடுத்து, சரியாக நிற்கிற வரைக்கும் தாத்தாவைக் காக்க வைத்திருக்கிறார். அப்பனைக் கூடத்தில் கிடத்திவிட்டு வந்த மனுஷன் அந்த ஓர் ஆணி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதை அவர் மறக்கவில்லை. சொந்தமாகக் கடை வைத்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். சாவுக்குப் போவதைத் தராசில் வைக்கக்கூடாது. கையால் அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தர வேண்டும். காசு வாங்கக்கூடாது. "வாங்க, என்னா வேணும்" என்று கேட்கக்கூடாது. கடையில் உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து நிற்க வேண்டும், வாங்கிப் போகிறவர் தெரு திரும்புகிற வரைக்கும்.

வருகிறவர்களும் அதற்கேற்ற மாதிரிதான் வருவார்கள். தீட்டு என்று படி ஏற மாட்டார்கள். கீழேயே நிற்பார்கள். விலை கேட்க மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள். "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல மாட்டார்கள். படிக்குக் கீழே நின்று பேரம் பேசாமல் ஒருவர் ஆணி கேட்டால் எந்த வீட்டில் என்று நாங்கள் விசாரிக்கத் தேவையில்லை.

அப்பா காலத்தில் கடை பெருகியது. கிணற்றுக்கு ராட்டினமும் சங்கிலியும் விற்ற கடையில் பம்ப் செட்டுக்கு போல்ட்டும் நட்டும் வந்தன. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் டயர் வண்டிக்கு மாறிவிட்டு, மெத்தை வீடு கட்டக் கம்பி கேட்டு வந்தார்கள். மல்லாட்டைக் கடலை விதைத்த பத்தாம் நாளிலிருந்து களைக்கொட்டுக்குக் கூட்டம் நெரியும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்குப் பத்தொன்பது வயதில் லாரியிலிருந்து இறக்கும்போது கம்பிக்கட்டு சரிந்து அப்பாவின் வலது தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது. ஆண்பிள்ளை கிடையாது. நான் போய் உட்கார்ந்தேன்.

ஐந்து வருடம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று வாய்தான் சொல்கிறது, உட்கார எங்கே நேரம்? ஷட்டரைத் தூக்கினேன், முள்கம்பிச் சுருளை உருட்டினேன், ஆணி மூட்டையைப் பிரித்தேன், கொத்தனார்களோடு மல்லுக்கட்டினேன். ஒரு கீலைக் கையில் வாங்கினாலே எத்தனை அங்குலம் என்று சொல்வேன். அப்பா கல்லாவில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது, "என்னாங்க, பொண்ணு கடையைப் பாத்துக்குதா?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில் வரும்.

"அவளா? பொழுது போகலைன்னு சும்மா உக்காந்துகினு இருக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையிலிருக்கிற சாமானை ணங்கென்று வைப்பேன். அவர் காது கேட்காத மாதிரி இருப்பார். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஒருநாள் எனக்குக் கல்யாணம் ஆகும், இந்தக் கடையை விட்டுவிட்டுப் போக வேண்டும். அன்றைக்கு அப்பாவுக்கு ஒன்றும் குறையாது, பொழுதுபோகாமல் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போனாள், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். கடை எனக்கு வேண்டியிருந்தது. அதைவிட, நான் கடைக்கு வேண்டும் என்று அப்பா ஒரு தடவையாவது சொல்வது வேண்டியிருந்தது.

வந்த வரன்கள் எல்லாம் என் உள்ளங்கையின் துருவைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா சீயக்காயும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து என் கையைப் புண்ணாக்கினாள். கடைசியில் தரகர் விழுப்புரத்திலிருந்து ஒரு போட்டோ கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை, தகப்பன் இல்லை, அம்மாவும் பிள்ளையும் மட்டும்தான். அம்மா போட்டோவைக் கடைக்கே அனுப்பியிருந்தாள். நான் கவரைப் பிரிக்கவில்லை. கீல் வைத்திருந்த டப்பாவில் போட்டு மூடினேன். யாராக இருந்தாலும் என்னைக் கடையிலிருந்து கிளப்பப்போகிறவன்தானே, அவன் மூஞ்சியை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எரிச்சல்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை. அப்பா வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கடையில் நான் தனியாகத் தாழ்ப்பாள்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளுத்த சட்டை போட்ட ஒருவர் வந்து படிக்குக் கீழே நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையைப் பிசைந்துகொண்டே நின்றார். ரொம்ப நேரம் கழித்து, "ஆணி வேணும். கால் கிலோ. ரெண்டு இஞ்ச்" என்றார். குரல் நடுங்கியது. விலை கேட்கவில்லை.

சனிக்கிழமை. படிக்குக் கீழே. பேரமில்லை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எழுந்தேன். இரண்டு கை ஆணியை அள்ளிப் பேப்பரில் மடித்து, படியிறங்கிப் போய்க் கொடுத்தேன். அவர் பணத்தை நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அப்படியே என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் நடந்தார். தெரு திரும்புகிற வரைக்கும் நின்றேன். முனையில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரைப் பறிகொடுத்தாரோ, அம்மாவோ, பெண்டாட்டியோ, இந்த வாலிப வயசில் என்று நினைத்து நினைத்து மனசு கனத்தது. முன்பின் தெரியாத மனுஷனுக்காக நான் அப்படி வருத்தப்பட்டது அதுதான் முதல்முறை. சாமி விளக்குக்கு முன்னால் நின்று அவருக்காகக் கும்பிட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை தரகர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"என்னாங்க பேஜாரு பண்ணி வெச்சிருக்கீங்க! பொண்ணை ஒரு தபா பாத்துட்டு வர்லாம்னு பையன் ஆசையா வந்திருக்கான். அவனுக்குப் போயி சாவு ஆணியக் குடுத்து அனுப்பியிருக்கீங்களே!"

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வந்து போன கதை தரகர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. ராத்திரி டூட்டி முடித்த கையோடு, தூங்காமல் முதல் வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். கண் சிவந்தது அதனால். பெண்ணை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல், ஆணி வாங்குகிற சாக்கில் வந்து, படி ஏறக் கூச்சப்பட்டுக் கீழேயே நின்றிருக்கிறார். நான் எழுந்து நின்றதும், காசு வாங்காததும், கண் கலங்கியதும் தன்னை அடையாளம் கண்டுகொண்டதால்தான் என்று நினைத்திருக்கிறார். "எழுந்து நின்னாம்மா. நான் தெரு திரும்பற வரைக்கும் நின்னுக்கினே இருந்தா" என்று வீட்டுக்குப் போய் அவருடைய அம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு வல்லம் பக்கத்துக் கிராமம். அவர்களுடைய தகப்பனார் தவறியபோது எங்கள் கடையிலிருந்துதான் ஆணி போயிருக்கிறது. பேப்பர் மடிப்பைப் பார்த்ததுமே அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஒரே பிள்ளை. இந்த இடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சனிக்கிழமை வந்து ஆணி கேட்டா வேற என்னா நெனைப்பாங்களாம்? திருட்டுத்தனமா வரச் சொன்னது யாரு?" என்று நான் தரகர் மேல் பாய்ந்தேன். அவர் காப்பியைக் குடித்தார். கடைக்குப் போனதும் கீல் டப்பாவைத் திறந்து போட்டோவைப் பார்த்தேன். அதே முகம்தான். இந்த இடம் போனால் கடை எனக்கு மிஞ்சும், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அழுகைதான் வந்தது. கடையும் வேண்டும், இந்த மனுஷனும் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தது. யாரிடம் போய் இதைச் சொல்வது?

மறுநாள் காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். மஞ்சள் பையில் கைத்தராசையும் கால் கிலோ எடைக்கல்லையும் எடுத்து வைத்தார்.

"கடையைப் பாத்துக்க. விழுப்புரம் போயிட்டு வர்றேன்" என்றார்.

"தராசு எதுக்குப்பா?"

"வேல இருக்கு."

அவ்வளவுதான் பதில். பொழுது சாய்கிற நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். முகம் களைத்திருந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க" என்று சொல்லிவிட்டுத் தராசை அதன் கொக்கியில் மாட்டினார். அங்கே என்ன நடந்தது என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "பேசினேன், ஒத்துக்கினாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்தும் முடிந்தது. விழுப்புரத்துக்குக் கிளம்பும்போது அப்பா என்னிடம் கடையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினேன்.

விழுப்புரத்து வீடு ரயில்வே லைனை ஒட்டி இருந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அன்றைக்கு உங்கள் அம்மா போய்விட்டார்களோ என்று நினைத்து அழுதேன் என்று அவரிடம் சொன்னபோது, சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். துரு ஏறிய கை என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.

அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாத்திரம் கழுவினால் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கதவுக் கீல் கிறீச்சிட்டது, எண்ணெய் விட்டேன். ஜன்னல் கொக்கி ஆடியது, முடுக்கினேன். மூன்று நாளில் அந்த வீட்டில் ரிப்பேர் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. ஜன்னலில் நின்று வடக்கே போகிற வண்டிகளைப் பார்ப்பேன். அத்தனையும் திண்டிவனம் வழியாகப் போகிறவை. கடை இப்போது எப்படி நடக்கும், யார் ஷட்டரைத் தூக்குவார்கள் என்று நினைப்பு ஓடும். யாராவது தூக்கிக்கொண்டுதான் இருப்பார்கள், நான்தான் சும்மா உட்கார்ந்திருந்தவளாயிற்றே என்று நானே அதை அடக்கிக்கொள்வேன். கடைக்குப் போகட்டுமா என்று வாய் விட்டுக் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அப்பாவே கூப்பிடாதபோது மாமியார் வீட்டில் போய்க் கேட்பதா?

ஒன்பதாம் நாள் காலை மாமியார் அடுப்படியில் சட்டினி தாளித்துக்கொண்டே கேட்டார்கள்.

"ஏம்மா, எத்தினி மணி வண்டிக்குத்தான் நீ போப்போற?"

"எங்க அத்தை?"

"கடைக்குத்தான். எட்டு நாளா பாக்கறேன், நீயா கேப்ப கேப்பன்னு. வாய்க்காரின்னு சொன்னாங்க, வாயே தொறக்க மாட்டேங்கிற."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்கப்பா ஒண்ணும் சொல்லலையா உன்கிட்ட?" என்று ஆச்சரியப்பட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அப்புறம் அந்தப் புதன்கிழமை நடந்ததைச் சொன்னார்கள்.

அப்பா வந்து வாசலில் நின்றிருக்கிறார். பெண்ணைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ பேச்சே எடுக்கவில்லை. "அந்த ஆணிப் பொட்டலத்தைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்றாராம். வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து தராசை எடுத்து, சுகமில்லாத கையை முழங்கால் மேல் ஊன்றித் தராசைத் தூக்கிப் பிடித்து, ஆணியை நிறுத்திருக்கிறார். கால் கிலோவுக்கு மேல் பதினோரு ஆணி இருந்தது. அதைத் தனியாக வைத்துவிட்டு விலை சொல்லியிருக்கிறார். மாமியார் தன்னை அறியாமல், "என்னாங்க, அம்புட்டு சொல்றீங்க, விழுப்புரத்துலயே கொறச்சலாக் கெடைக்குதே" என்றிருக்கிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்து, அந்தப் பதினோரு ஆணியையும் கொசுறு என்று சேர்த்துப் போட்டுவிட்டு, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

"இப்போ இது யாவாரம்மா. உங்க புள்ளைக்கு எங்க கடையில இருந்து வந்தது யாவாரச் சாமான்தான். வேற ஒண்ணுமில்ல."

அதில் மாமியாருக்குப் பாதி மனசு இளகிவிட்டது. உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் சும்மா பேச்சுக்கு, "பொண்ணைக் கட்டிக்குடுத்துட்டா கடையை இனிமே நீங்களே பாத்துக்குவீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அப்ப உங்கப்பா சொன்னதை அப்படியே சொல்றேன் கேளு" என்றார்கள் மாமியார். "'அந்தக் கடையை நான் நடத்தலம்மா. அஞ்சு வருஷமா எம் பொண்ணுதான் நடத்தறா. நான்தான் சும்மா உக்காந்துகினு இருக்கேன். ஊர்ல கேட்டா மாத்திச் சொல்லுவேன். பொண்ணு கையில கடை இருக்குன்னு தெரிஞ்சா எவனும் கட்டிக்க வர மாட்டான்னு பயம். அவ தெனம் வந்து போக நீங்க ஒத்துக்கினா கடை இருக்கும். ஆனா நான் அவகிட்ட கேக்க மாட்டேன். நான் கேட்டா, எனக்காவ வருவா. அவளுக்குப் புடிச்சி வரணும்'னு சொல்லி, மோர் டம்ளரைக் கையில வெச்சிக்கினு அழுதுட்டாரும்மா அந்த மனுசன்."

சட்டினி தீய்கிற வாசனை வந்தது. மாமியார் சட்டியை இறக்கி வைத்தார்கள். "வண்டிக்கு நேரமாவுது, ஜல்தி கெளம்பு" என்றார்கள். இட்லியைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்தார்கள். தலையைக் கூடச் சரியாக வாராமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டியில் வழி நெடுக, எதிரே உட்கார்ந்திருந்த பால்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கமில்லாமல் அழுதுகொண்டு வந்தேன். அப்பாவை என்னென்ன சொல்லித் திட்டுவது என்று மனசுக்குள் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

திண்டிவனத்தில் வண்டி நின்றது. இறங்கினால் பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகம். கையில் கடைச் சாவி. இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"யாரைப் பாக்க வந்தீங்க இங்க?" என்று கத்தினேன். சேர்த்து வைத்திருந்த திட்டில் ஒன்று கூட வரவில்லை.

"தெனமும் இந்த வண்டிக்கு வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். "நீ வரல. சரி, புடிக்கலை போலன்னு நெனச்சிக்கினேன். நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம், நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம்னு வந்துக்கினே இருந்தேன்."

"கடையை யாரு தொறக்கறாங்க?"

அப்பா சாவியை என் கையில் வைத்தார்.

"எட்டு நாளா தொறக்கலம்மா."